எம்புட்டு சாரும் பேச்சியக்காவின் மஞ்சள்தூளும்

எம்புட்டு சார் சந்தேகப்படாத பொருள் என்று தென்காசி மாவட்டத்தில் ஒன்றுமே கிடையாது. சாரல் வாயில் விழுந்தால்கூட, மேகம் எந்தத் தொழிற்சாலையைத் தாண்டி வந்தது என்று யோசித்துவிட்டுத்தான் விழுங்குவார்.

அவர் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. நான் அதே ஆபீசில் கிளார்க். விஷம் என்று யார் வாயைத் திறந்தாலும், "எம்புட்டு?" என்பார். அதனால் அந்தப் பெயர்.

"சார், உப்பு விஷமாமே?"

"எம்புட்டு? எத்தன நாளா? திங்குற ஆளு என்ன எடை?"

இந்த மூன்றும் தெரியாமல் பயப்படுவதும் தப்பு, பயப்படாமல் இருப்பதும் தப்பு என்பது அவர் கட்சி.

பண்பொழியில் என் மச்சினன் கல்யாணத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். பந்தியில் லட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். ரிட்டயர்டு போலீஸ் ஏட்டான என் பெரிய மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருவே இவரு, நம்ம பந்தியில வந்து துப்பு துலக்குதாரு?"

சார் அசரவில்லை. பாதி லட்டைத் தின்றார். மாமாவின் தொப்பையை அளந்து, "ஒங்க எடைக்கு முழுசாவே திங்கலாம் அண்ணாச்சி" என்றார். அப்புறம் ஒரு மாதம் மாமா என்னோடு பேசவில்லை.

ஒரு சீசனில் குற்றாலத்தில் வம்பு வந்தது. பேச்சியக்காவின் நேந்திரங்காய் சிப்ஸ் கடை முன்னால் ஒரு வெளியூர்க்காரர் வாந்தி எடுத்தார். "சிப்ஸ்ல விஷம்" என்று எவனோ செல்போனில் பரப்பிவிட்டான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்க்கத் தயாராக நின்றது.

சார் உள்ளே புகுந்து வாந்தி எடுத்தவரிடம் கேட்டார்: "எம்புட்டு தின்னீரு?"

"ரெண்டு சில்லு."

"அதுக்கு முன்னாடி?"

அவர் தயங்கினார். அவர் மனைவி போட்டு உடைத்தாள். "அருவியில நிக்கிறதுக்கு முன்னாடி பரோட்டா, அல்வா. குளிச்சிட்டு ஒரு பை ரம்புட்டான், சார்."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. பேச்சியக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

சார் நகரவில்லை. கடைக்குள் அவளுடைய ஐந்து வயது மகள் உடைந்த சிப்ஸைக் கொறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த, சிப்ஸில் போடும் மஞ்சள்தூள் டப்பாவையே அவர் பார்த்தார். அது மிதமிஞ்சி மஞ்சளாக இருந்தது.

"பிள்ள இத தெனமும் திங்குதா?"

"ஆமா. வீட்டுக் கொழம்புக்கும் இந்தத் தூளுதான். சந்தையில சில்லறையா வாங்குதேன்."

டப்பாவிலிருந்து சாம்பிள் எடுத்து சீல் வைத்தார். பேச்சியக்கா கொதித்துப்போனாள்.

"காப்பாத்துத மாதிரி வந்து கழுத்தறுக்கீரே. இதத் தின்னு ஒருத்தனுக்காவது வயித்த வலிச்சிருக்கா?"

"வந்தவன் ரெண்டு சில்லு தின்னுட்டு ஊருக்குப் போயிருவாம்மா. ஒம்மவ சின்ன உடம்பு. தெனமும் திங்கா."

அடுத்த நாளிலிருந்து எங்களைக் கண்டாலே அவள் மண்ணை வாரித் தூற்றினாள்.

லேப் முடிவு வந்தது. தூளில் ஈயம் கலந்த சாயம். நிறம் தூக்கலாகத் தெரிய யாரோ சேர்த்திருக்கிறார்கள். நான் பழக்கதோஷத்தில், "எம்புட்டு சார்?" என்றேன்.

அவர் முகம் தொங்கிவிட்டது. "ஈயத்துக்கு மட்டும் அப்படிக் கேக்க முடியாது வே. பிள்ளைங்களுக்கு இம்புட்டு வரைக்கும் பரவால்லன்னு சொல்ல ஒரு அளவே இல்ல. மூளையத் தொடும்."

அவரே ஆட்டோ பிடித்து, தாயையும் மகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் பேச்சியக்கா திட்டிக்கொண்டே வந்தாள். குழந்தையின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள், இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் மெல்லக் குறையும் என்றார் டாக்டர். அன்றுதான் அவள் திட்டுவதை நிறுத்தினாள். சார் நேரே சந்தைக்குப் போய் அந்த வியாபாரியின் மூட்டைகளைப் பறிமுதல் செய்தார்.

போன வருஷம் அவரைக் கடலோர மாவட்டம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். இந்தச் சீசனில் குற்றாலம் போனபோது பேச்சியக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போன எடத்துல, போட்ட சோத்தையும் சந்தேகப்படுத அந்த மனுசனுக்குத் திட்டிக்கிட்டாவது சோறு போட ஒரு ஆளு இருக்கா?"

எனக்கும் ஒரு வருஷமாக அதே கவலைதான்.