மன்னிக்கவும், புரியவில்லை

"சாமைய இன்னாத்துக்கு ஆடியில வெதைக்கிறாங்க?" என்று கேட்டாள் நாலாம் வகுப்பு அபிநயா.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது டேப்லெட்.

கீதாஞ்சலி டீச்சருக்குத் தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை அதிகாரி 'தொழில்நுட்பத்தோடு பாடம்' பார்க்க வருகிறார். பிள்ளைகள் கேட்க வேண்டும், டேப்லெட் பதில் சொல்ல வேண்டும், பாடத்திட்டமே அவ்வளவுதான். அவர் மெச்சினால் சொந்த ஊரான ஆலங்காயத்துக்கு மாறுதல் கேட்கலாம். இல்லாவிட்டால் இந்தப் புதூர்நாட்டு மலைக்கு ஜீப்பில் குலுங்கியே வயசு போய்விடும். டீச்சர் இதைச் சொல்லாத ஆளே அந்த மலையில் கிடையாது.

டேப்லெட்டைத் திருத்த முடியாது. பிள்ளைகளைத் திருத்தலாமே?

"'இன்னாத்துக்கு' இல்லடி, 'எதற்காக'. எங்க, சொல்லு!"

புதன்கிழமைக்குள் பிள்ளைகள் எல்லாரும் டி.வி.யில் செய்தி வாசிப்பதுபோலப் பேசினார்கள். அபிநயா ஒருபடி மேலே போய் டேப்லெட்டாகவே மாறிவிட்டாள். வியாழக்கிழமை அவள் அப்பா தீர்த்தகிரி வந்து நின்றார்.

"இன்னா டீச்சர் பண்ணி வெச்சிகீறீங்க எம்பொண்ண? 'சாப்ட்டியா பாப்பா'ன்னா, 'மன்னிக்கவும், மீண்டும் முயலவும்'னுது! மந்திரிக்கணும்னு வூட்ல ஒரே அழுகை."

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க. அதிகாரி போனதும் பழையபடி பேசுவா."

வெள்ளிக்கிழமை அதிகாரி பாண்டுரங்கனின் ஜீப் கொண்டை ஊசி வளைவில் உறுமும்போதே டவர் போய்விட்டது. டேப்லெட் வாயைத் திறக்கவில்லை. டீச்சரின் பார்வை வகுப்பு மூலையிலிருந்த பீரோவில் நின்றது. அதன் பின்தகடு துருப்பிடித்து எப்போதோ பிய்ந்து போயிருந்தது. பின்னால் ஜன்னல்.

"அபிநயா, உள்ள ஏறும்மா."

டேப்லெட் பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்தது. பிள்ளைகள் கேட்டார்கள், பீரோ பதில் சொன்னது.

"சாமை மழையை நம்பிய பயிர். ஆகவே ஆடியில் விதைக்கப்படுகிறது."

அதிகாரிக்கும் ஆசை வந்துவிட்டது. எட்டி நின்று டேப்லெட்டைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா, நல்லா கீறியா?"

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

"அட, எங்க வூட்டு போன் மாதிரியே சொல்லுது!" அதிகாரி கை தட்டினார்.

"சார், அந்த ஆலங்காயம் மாறுதல்..."

"இப்பேர்ப்பட்ட டீச்சர மலையிலேர்ந்து எறக்குவனா? இங்கயே இருந்து இன்னும் பத்து ஸ்கூலுக்குச் சொல்லித் தாங்கம்மா!"

அதிகாரி போய் ஜீப்பில் உட்கார்ந்தார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தண்ணீர் பிடிக்கப் பள்ளிக்குப் பின்பக்கம் போயிருந்த டிரைவர் ராஜாக்கண்ணு, பாட்டிலோடு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அழுவாதீங்க டீச்சர். காலையிலேர்ந்து பாத்த மூணு ஸ்கூல்லயும் இதையேதான் சொன்னாரு. ஆனா உங்க பீரோவுல மட்டுந்தான் கொழந்தைக்குக் காத்து வருது."