அசையாத நேரலை

"அண்ணா, படம் நின்னு போச்சாம்" என்றாள் தங்கச்சி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

அண்ணன்காரன் கேபிள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். எதிரே இருந்த இரண்டு லேப்டாப்பையும் இரண்டு போனையும் ஒரு சுற்றுப் பார்த்தான். நாலிலும் ஒரே காட்சி. நடுவில் சதுரங்கப் பலகை. இந்தப் பக்கம் பஸ் டிரைவர், கன்னத்தில் கை. அந்தப் பக்கம் பல் டாக்டரம்மா, கைகள் மடியில். இரண்டு பேரும் பலகையைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நிக்கலியே, நல்லாத்தானே போகுது?"

"கமெண்ட்டைப் படி. 'நெட்டு இல்லாதவனுக்கு எதுக்குய்யா லைவு'ன்னு கேக்கறாங்க."

ஒரு காலத்தில் வீடு வீடாக டிவி கேபிள் இழுத்துக் கொடுத்தவன் என்பதால் ஊரே அவனைக் கேபிள் என்றுதான் கூப்பிடும். இப்போது நிகழ்ச்சிகளை நேரலையாகக் காட்டுவது தொழில். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனாலும் சதுரங்க மன்றத்தின் இறுதிப் போட்டியை நாலு தளத்தில் ஒரே நேரத்தில் காட்டுகிறேன் என்று செயலாளரிடம் அடித்துச் சொல்லியிருந்தான். "நாலு தளமா? நம்ம கட்டடமே ரெண்டு மாடிதானேப்பா" என்றார் செயலாளர். இணையதளம் என்று விளக்கியபோது, "சதுரங்கத்தை எவன் பாப்பான்? இருபது பேர் பாத்தாலே நான் உனக்கு மாலை போடறேன்" என்று சிரித்தார். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் தங்கச்சியை வர்ணனைக்கு உட்கார வைத்ததும் அவன்தான். அவளுக்கு இது முதல் மைக். இன்று சொதப்பினால் இரண்டு பேர் மானமும் ஒரே வண்டியில் போகும்.

ஆட்டம் நடப்பது பக்கத்து ஹாலில். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது விதி. அங்கே நடப்பதைக் கேமரா வழியாக மட்டும்தான் இவர்கள் பார்க்க முடியும்.

முதல் தளத்தில்தான் புகார் அதிகம். அதை மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி போடலாம் என்று கேபிள் ஒரு வயரைப் பிடுங்கினான். நாலு தளத்துக்கும் படம் போவது அந்த ஒரே வயர் வழியாகத்தான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பதற்றத்தில் தெரிந்ததும் தெரியாமல் போயிற்று. நாலும் இருண்டன.

அவற்றை உயிர்ப்பிப்பதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாகப் படம் வந்தது. டிரைவர், கன்னத்தில் கை. டாக்டரம்மா, கைகள் மடியில்.

'பழைய போட்டோவையே திரும்பப் போட்டுட்டாங்கடா' என்று வந்து விழுந்தது கமெண்ட்.

"யோசிக்கிறாங்க நேயர்களே" என்று தங்கச்சி மைக்கில் சமாளித்தாள். "பலகையில காய்கள் ரொம்பக் குறைவு. ஆனா இந்த மாதிரி நேரத்துலதான் ஆழம் அதிகம். டிரைவர் சாருக்கு முன்னால மூணு வழி இருக்கு. மூணுமே கத்தி மேல நடக்கற மாதிரி."

"போட்டோவுக்கு எதுக்கும்மா வர்ணனை?" என்றது ஒரு கமெண்ட். அதற்கு அறுபது பேர் சிரித்திருந்தார்கள்.

அறுபதா? கேபிள் எண்ணிக்கையைப் பார்த்தான். ஆரம்பத்தில் முப்பது பேர்கூட இல்லை. இப்போது நாலு தளத்திலுமாகச் சேர்த்து ஐந்நூறைத் தாண்டியிருந்தது. படமா போட்டோவா என்று பார்க்கவே ஆள் கூடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, ஏதாவது அசையறதைக் காட்டினா நம்பிடுவாங்க" என்றாள் தங்கச்சி. "ஆட்டக் கடிகாரம் டிரைவர் முழங்கைக்குப் பின்னால மறைஞ்சிருக்கு. வேற ஒரு கடிகாரத்தை வை."

அறைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு கேபிள் ஹாலுக்குள் தவழ்ந்து போனான். கேமரா கண்ணில் படாமல் மேசைகளுக்கு அடியில் நுழைந்து, ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அதை வைத்தான். நடுவர் அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். கடிகாரத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, கேபிள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நடுவர் வாயைத் திறந்தார். கேபிள் உதட்டில் விரலை வைத்தான். விதி என்றால் நடுவருக்கும் விதிதானே.

திரும்பி வந்தால் தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்தக் கடிகாரத்துல பேட்டரி தீர்ந்து எத்தனை நாளாச்சு?"

'போட்டோவுல கடிகாரத்தை ஒட்டியிருக்காங்க, பாத்தீங்களா, முள்ளுகூட அசையல' என்று நாலு தளத்திலும் வெற்றி முழக்கம். இப்போது ஆயிரத்து எழுநூறு பேர்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. ஆனால் கேபிளுக்குப் பயத்தோடு ஒரு குஷியும் ஏறத் தொடங்கியிருந்தது. ஆயிரத்து எழுநூறு பேர் அவன் தொழிலில் இதுவரை கண்டதில்லை. மூலையில் கிடந்த மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு மறுபடி தவழ்ந்தான். ஜன்னல் திரைச்சீலை ஆடினால் போதும் என்பது திட்டம்.

வருஷக்கணக்காகத் துடைக்காத விசிறி. போட்டதும் தூசியைக் கிளப்பிக்கொண்டு சுழன்றது. திரைச்சீலை ஆடவில்லை. டாக்டரம்மாவின் முன்னால் இருந்த தாள் பறந்தது. நேராக வந்து கேமராவின் மூக்கில் ஒட்டியது. நாலு தளமும் வெள்ளை வெளேர்.

கேபிள் பாய்ந்து எழுந்து தாளைப் பிய்த்தான். வியர்வை வழியும் அவன் வழுக்கைத் தலை திரை முழுக்க நிறைந்தது. அப்புறம் அவன் விலக, பின்னால் டிரைவர், கன்னத்தில் கை.

அவ்வளவுதான், கமெண்ட் மழையாய்க் கொட்டியது.

'வழுக்கைத் தலை லைவ். மத்த ரெண்டும் பொம்மை.'

'மெழுகு பொம்மை. எங்க சித்தப்பா கடையில இந்த மாதிரி விப்பாங்க.'

"நான் ஒரு கமெண்ட் படிக்கிறேன்" என்று தங்கச்சி மைக்கைப் பொத்தினாள். "டாக்டரம்மா வீட்டுக்காரர் எழுதியிருக்கார். 'அது என் மனைவிதான். ஆனா இருபது வருஷத்துல அவ இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பாத்ததில்ல. நிச்சயமா போட்டோதான்.'"

பஸ் டிப்போ ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். 'எங்க அண்ணன் ஸ்டாப்பிங்லயே நிக்க மாட்டாரு, இங்க எப்படி நிப்பாரு' என்று ஒருவர் சத்தியம் செய்தார்.

போன் அடித்தது. செயலாளர். காய்ச்சலில் வீட்டில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா நடக்குது அங்க? மூவாயிரம் பேர் என்னைய மோசடிக்காரன்கறான். ஏதாவது பண்ணு."

"பண்ணிக்கிட்டே இருக்கேன் சார். பண்ணப் பண்ணத்தான் கூட்டம் சேருது."

"அப்படின்னா இன்னும் பண்ணு" என்றார் செயலாளர் சற்று யோசித்து.

தங்கச்சி திடீரென்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணா, டாக்டரம்மா கண்ணைப் பாரு."

திரையில் டாக்டரம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. உதடு துடித்தது. தங்கச்சி மைக்கின் மேல் விழாத குறை.

"நேயர்களே, கண்ணீர். ஒரு பெரிய முடிவு வரப்போகுது. உயிரைக் கொடுத்துக் காப்பாத்தின ஒரு காயை இழக்கப் போறாங்க. மூச்சை இழுக்கிறாங்க. இன்னும் இழுக்கிறாங்க."

டாக்டரம்மா தும்மினார்.

சாதாரணத் தும்மல் இல்லை. பலகையில் இருந்த சிப்பாய் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. டிரைவரின் கன்னத்திலிருந்து கை நழுவியது.

முதல் தளம் வெடித்தது. 'தும்மிட்டாங்க, லைவ்தான்' என்று நூறு பேர். ஆனால் படம் ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு வேகத்தில் போய்ச் சேரும். இரண்டாவது தளத்தில் இருந்தவர்கள் 'யாரும் தும்மல, புளுகாதீங்க' என்று சண்டைக்கு வந்தார்கள். சண்டை முற்றும் நேரத்தில் அவர்கள் கண்முன்னாலும் டாக்டரம்மா தும்மினார். அப்புறம் மூன்றாவது தளம். நாலாவது தளத்துக்காரர்களுக்கு நடக்கப்போவது முன்னாடியே தெரிந்துவிட்டது. அவர்கள் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி, தும்மலைக் கொண்டாட்டத்தோடு வரவேற்றார்கள்.

பார்வையாளர்கள் பத்தாயிரம்.

கேபிள் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். போனில் செயலாளருக்குக் காய்ச்சலே விட்டுப்போன குரல். "அடுத்த மாசம் மொத்தப் போட்டித் தொடரும் உனக்குத்தான்பா. தங்கச்சியே பேசட்டும். அந்தப் பொண்ணு விளக்கின அந்த மூணு வழி இருக்கே, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது."

"இன்னும் ஆட்டம் முடியலியே சார். யாரு ஜெயிப்பாங்கன்னு பத்தாயிரம் பேர் காத்திருக்காங்க."

அப்போது ஹாலின் கதவு மெல்லத் திறந்தது. நடுவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்து, கேபிளின் காதோரம் குனிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. நடுவுல வயர் போயி கேமரா லைட்டு அணைஞ்சுதே, அப்பவே ரெண்டு பேரும் ஆட்டம் டிரான்னு ஒத்துக்கிட்டு கை குலுக்கிட்டாங்க. கேமரா ஓடற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாதுன்னு செயலாளர் கண்டிப்பா சொல்லியிருக்காரு, அதான் உக்காந்திருக்கோம். நீங்க எப்பங்க நிறுத்துவீங்க?"