சராசரி இறங்கினால் ஏசி

இந்த வீட்டில் ஏசி நுழையக்கூடாது என்று நான் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாமே மயக்கத்தில் எடுத்தவைதான். கல்யாணம் உட்பட.

என் உத்தியோகமும் அப்படிப்பட்டது. எங்கள் மாநகரத்தில் பேட்டைக்குப் பேட்டை கரண்ட் விலை வேறு. அத்தனையையும் கேட்டு வாங்கி, கூட்டி, வகுத்து, மாதா மாதம் ஒரே ஒரு சராசரி விலையை நான் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பது உச்சி மாடி. ஜன்னலுக்கு வெளியே மேகம். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் அது மெல்ல மிதக்க ஆரம்பிக்கும். கூடவே நானும். "நம்ம ஆளு கண்ணை மூடிக்கிட்டே கணக்குப் போடுவார்" என்று மேலாளர் பெருமையாகச் சொல்வார். பாவம், நல்ல மனுஷன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, இந்தத் தெருவுலயே ஏசி இல்லாத வீடு நம்ம வீடுதான். ராத்திரி தலையணைக்கே வேர்க்குது."

"கரண்ட் விலை என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க. எனக்கு வேர்வைதான் தெரியும்."

"விலை இறங்கட்டும், வாங்கலாம்."

"எந்த விலை?"

"நான் போடுற மாநகரச் சராசரி. ஒரே ஒரு மாசம் இறங்கினாப் போதும், அன்னிக்கே ஏசி."

"சத்தியமா?"

"உங்க அம்மா மேல சத்தியம்."

"எங்க அம்மா எதுக்கு? உங்க அம்மா மேல பண்ணுங்க."

பண்ணினேன். பயமே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த எண் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

நிம்மதியாகக் கட்டிலில் சாய்ந்தேன். அவள் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். என் தூக்கத்துக்குக் காவல் இருக்கிறாளே, எப்பேர்ப்பட்ட மகராசி என்று நெஞ்சு நெகிழ்ந்தது. கனவு வந்தது. நகரம் முழுக்க மின்கம்பி, கம்பி நிறையக் குருவி, ஒவ்வொரு குருவியும் ஒரு விலை. எதுவும் கீழே இறங்கவில்லை. தூரத்திலிருந்து யாரோ அன்பாக என்னிடம் ஏதோ கேட்டார்கள். நானும் அன்பாகப் பதில் சொன்னேன்.

கண் விழித்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. கட்டிலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன். அந்தச் சுவர் காலியா இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

சபதத்தில் ஜெயித்தவன் ஒரு கட்டிலைத் தள்ளக்கூடாதா? தள்ளினேன்.

மாதக் கடைசியில் மேலாளர் என் மேஜைக்கு வந்தார்.

"ரெண்டு ஊரையும் சேத்துட்டீங்கதானே?"

"எந்த ரெண்டு ஊர் சார்?"

"போன மாசக் கூட்டத்துல சொன்னேனே! ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர் ரெண்டும் இனிமே மாநகரத்துல சேர்த்தி. அங்கே கரண்ட் கொள்ளை மலிவு."

அந்தக் கூட்டத்தில் நான் மேகத்தோடு போயிருந்தேன். இப்போது சேர்த்தேன். கூட்டினேன். வகுத்தேன். எண் இறங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வகுத்தேன். மறுபடி இறங்கியது. என் தெருவில் விலை ஒரு காசு குறையவில்லை, ஆனால் சராசரி விழுந்துவிட்டது! ஒரே ஒரு புள்ளியை நகர்த்தினால் தப்பிக்கலாம். மனசு வரவில்லை. அந்த எண்ணிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. வீட்டில் சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

ஆகவே, இந்தப் பொய்யையும் வீட்டிலேயே சொல்லிவிடுவது என்ற முடிவோடு வந்தேன். படுக்கையறையில் ஏணி. ஏணி மேல் ஒரு மெக்கானிக். காலியாக இருந்த சுவரில் புத்தம்புது ஏசி, ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு வாங்கினே?"

"அதான் விலை இறங்கிடுச்சே."

"யார் சொன்னா? ஏறிடுச்சு!"

"அந்த ரெண்டு ஊரைச் சேத்துமா ஏறிடுச்சு?"

கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தேன். மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏணியை மடக்கினான்.

"ரெண்டு ஊரு... உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் சொன்னீங்க. அன்னிக்கு மத்தியானம் தூக்கத்துல ஏதோ முனகினீங்க. கேட்டுப் பாப்போமேன்னு கேட்டேன். ரெண்டு ஊரு சேருது, அங்கே கரண்ட் மலிவுன்னு கடகடன்னு ஒப்பிச்சுட்டீங்க."

"தூக்கத்துல உளர்றதை நம்பி யாராவது ஏசி வாங்குவாங்களா?"

"முழிச்சிருக்கும்போது நீங்க பேசுறதை நம்பித்தானே இத்தனை நாள் வேர்த்துக்கிட்டிருந்தேன்?"

பதில் யோசிக்கக் கண்ணை மூடினேன். தூக்கம்தான் வந்தது. குளிர்ந்த காற்று நெற்றியில் இறங்கி இமை வரை வந்துவிட்டது. மேகம் இப்போது வீட்டுக்குள்ளேயே. தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"தூங்குங்க, நல்லாத் தூங்குங்க. என் தம்பி கல்யாணத்துக்கு வராம வயித்து வலின்னு படுத்தீங்களே, இன்னைக்கு அதுலேருந்து ஆரம்பிக்கலாம்."