தோற்றவர் முகம் பற்றிய உத்தரவு

தோற்ற பின் ஆட்டக்காரன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பற்றி 1938 வரை சர்க்காரில் ஓர் உத்தரவும் இருந்ததில்லை. அந்தப் பெருங்குறை தீர்ந்தது என்னால்தான்.

தர்மபுரிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸ், பெயர் வேண்டாம். அங்கே நான் தற்காலிகக் குமாஸ்தா. பூப்பந்து ஆடுவேன் என்பதற்காகவே எடுத்தார்கள். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். ஆட்டமாவது வந்ததா என்றால், பாலக்கோட்டில் வாத்தியார்கள் அணியிடம் தோற்றோம். தோற்ற கையோடு எதிராளி ஏதோ சொல்ல, நான் சிரித்துத் தொலைத்தேன். தாசில்தார் பார்த்துவிட்டார்.

மறுநாள் மெமோ. 'தோல்விக்குப் பின் பல் தெரியச் சிரித்ததற்குச் சமாதானம் கூறவும். திருப்தி இல்லையேல் வேலை நிரந்தரமாகாது.'

ஹெட் கிளார்க் மாரப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "எதுக்குப்பா சிரிச்ச?"

"சும்மாதாங்க."

"சும்மாங்கறதுக்கு ஃபாரம் கெடையாதே."

பின்னாலேயே உத்தரவும் வந்தது. தோற்றவர்கள் மூன்று நாள் துக்க முகத்துடன் பணிபுரிய வேண்டும், அனாவசியமாகப் பேசலாகாது, ஆடாத சிப்பந்திகளும் ஒத்துழைக்க வேண்டும். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாசில்தார் தீர்த்தமலைப் பக்கம் முகாம் போனார்.

இரண்டாம் நாள் சித்தேரி மலையிலிருந்து நாகன் என்ற பெரியவர் பட்டா விஷயமாக வந்தார். ஆபீஸ் முழுக்கத் தொங்கிய முகங்களைப் பார்த்து மிரண்டுபோனார்.

"தாசில்தார் சாமி எங்கீங்க?"

வேலை போய்விடுமே என்ற பயத்தில், உத்தரவுப்படி தலையைக் குனிந்துகொண்டேன். நாகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் வாசலில் தப்பட்டைச் சத்தம். நாகன் கையில் மாலை, கோடித்துணி. பின்னால் பத்துப் பெண்கள். அந்த நேரம் பார்த்துத் தாசில்தாரின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"மாலை யாருக்கப்பா?"

"உங்களுக்குத்தானுங்க சாமி."

அவர் கழுத்தை நீட்டினார். பெண்களில் முன்னால் நின்ற ராமக்கா வந்த வேலையை மறக்காமல் ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"தப்பா நெனைக்காதீங்க சாமி. எறந்துட்டீங்கன்னு நெனச்சு மலையெறங்கி வந்துட்டோம்" என்றார் நாகன். தாசில்தாரை உயிரோடு பார்த்ததில் அத்தனை பேர் முகத்திலும் தெரிந்த ஏமாற்றத்தை எந்த உத்தரவாலும் வரவழைத்திருக்க முடியாது.

சாயங்காலமே உத்தரவு மாறிற்று. இனித் தோற்றவர்கள் உடனே உரக்கச் சிரிக்க வேண்டும். அடுத்த பந்தயத்தில் கடைசிப் பந்தைக் கோட்டைவிட்டவன் நான்தான். மெய்யாகவே அழுகை வந்தது. சிரித்தேன். வேலை நிரந்தரமாயிற்று.

வீட்டுக்கு ஓடி என் மனைவி காவேரியிடம் சொன்னேன்.

"தோத்துட்டுச் சிரிச்சா சர்க்காரு வேலை குடுக்கறாங்களா?"

"ஆமா. அது எல்லாராலயும் ஆவாது."

"ஏன் ஆவாதுங்க?" என்றாள், அடுப்பை ஊதியபடி. "உங்களக் கட்டிக்கிட்டு ஆறு வருசமா நானும் சிரிச்சிக்கிட்டுத்தானே இருக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.