கெரசின் வரிசையில் ஒரு சிவப்பு அட்டை

கால்பந்து மைதானத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாத கால்பந்துச் செயலாளர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஏற்காட்டில் இருந்தார். வாராவாரம் சுண்ணாம்பு கரைத்து அந்த எல்லைக்கோட்டைப் போட்டவரும் அவரேதான்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் சுண்ணாம்பண்ணன். வெள்ளையடிப்பது தொழில். சீசன் தொடங்குவதற்கு முன் மலையிலுள்ள லாட்ஜ், பங்களா எல்லாவற்றின் சுவரிலும் அவர் கைதான் ஏறி இறங்கும். மீதி நேரம் முழுக்க எஸ்டேட் லீக் என்ற கால்பந்துப் போட்டியின் செயலாளர் வேலை.

எழுபதுகளின் கடைசியில் அந்த லீக்கை வெறும் விளையாட்டு என்று சொன்னால் எங்கள் மலையில் சிரிப்பார்கள். எஸ்டேட்காரர்கள் சேலத்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைப் பிடித்து வந்து, ஃபிட்டர், ஸ்டோர் கீப்பர் என்று பேருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்து, சம்பளத்துக்கு ஆடவைத்தார்கள். கடைத்தெரு டீமில் மட்டும்தான் என்னைப் போன்ற ஓசி ஆட்டக்காரர்கள். நான் லாட்ஜில் குமாஸ்தா, டீமில் கோல்கீப்பர். வருவதை உள்ளே விடுவது இரண்டு இடத்திலும் என் பழக்கமாக இருந்தது.

அண்ணன் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு அட்டைகள் இருக்கும். மஞ்சள், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையில் வெட்டியது. சிவப்பு, புடவைப் பெட்டியின் மூடி. மைதானத்துக்குள் அட்டை காட்ட ரெஃப்ரி இருந்தார். அண்ணன் மற்ற இடங்களைப் பார்த்துக்கொண்டார். மற்ற இடங்கள் என்றால் மலை முழுவதும்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் ஜன்னல் வழியாக வெற்றிலை எச்சிலைத் துப்பினான் ஆட்டக்காரன் ஒருவன். தலையை உள்ளே இழுத்தால் மூக்குக்கு நேரே மஞ்சள் அட்டை. இன்னொருவன் தன் கல்யாண முகூர்த்தத்துக்கே தாமதமாக வந்து சேர்ந்தான். மணமேடையில் வைத்து அவனுக்கு மஞ்சள் காட்டி, "ஆட்டத்த இழுத்தடிக்கறது தப்பு சாமி" என்று சொல்லிவிட்டு, கையோடு அட்சதையும் போட்டார்.

நானும் தப்பவில்லை. எங்கள் லாட்ஜில் 'ஏரி தெரியும் அறை' என்று ஒன்று இருந்தது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் ஏரி தெரியும். அதை ஒரு சேலத்துக் குடும்பத்தின் தலையில் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துச் சுவரில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏனுங்கண்ணா, இது லாட்ஜுங்க. கிரவுண்டு இல்லீங்க" என்றேன்.

"சனிக்கெழம அந்தக் குடும்பம் மேட்ச் பாக்க வருங்கண்ணு. வாளி மேல ஏத்துனவன் கோல்ல நிக்கறானேன்னு ஆரப் பாத்துச் சிரிப்பாங்க? லீக்கப் பாத்துத்தான?" என்று மஞ்சள் அட்டையை நீட்டினார்.

மஞ்சள் இரண்டு சேர்ந்தால் ஒரு ஆட்டம் கிடையாது. சிவப்பு என்றால் உடனே கிடையாது. இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எதிர்த்துப் பேசினால் அடுத்த ஆட்டத்துக்குக் கோடு போட வரமாட்டார் என்பதால் மலையே அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் முருகேசன் வந்து சேர்ந்தான். கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் ஒன்று அவனைச் சேலத்திலிருந்து கொண்டுவந்தது. பேருக்கு பம்ப் ஆபரேட்டர். பம்பை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. பந்தை எந்தப் பக்கம் திருப்புவான் என்று எனக்கும் கடைசிவரை தெரியவில்லை. கீழே சேலத்தில் தாயும் இரண்டு தங்கைகளும் அவன் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

அப்போது கெரசினுக்குப் பெரும் தட்டுப்பாடு. சனிக்கிழமைதான் கடைத்தெருவுக்கு லாரி வரும். காலையிலேயே ஆளுக்கொரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தக் கல் கல்லில்லை, ஆள். எவ்வளவு பெரிய மனிதரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார். கல் இல்லாவிட்டால் இடமும் இல்லை என்பதில் வரிசை கண்டிப்பாக இருந்தது.

முருகேசன் அந்த வழியாக வந்தான். கல்லைக் கண்டால் அவன் கால் சும்மா இருக்காது. இடது காலால் ஒரு தட்டு, வலது காலால் ஒரு உதை. சைக்கிள் கடையின் இரண்டு தூண்களுக்கு நடுவே பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது கல். நானே பார்த்தேன், அருமையான கோல்.

அது ராசாத்தி அக்காவின் கல். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தவர். அவர் திரும்பி வந்தபோது இடம் இல்லை. கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருக்கும்போதே கெரசின் தீர்ந்துபோனது. பம்ப் ஸ்டவ் எரியவில்லை, மூன்று நாள் கடை இல்லை. இறுதிப் போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, அண்ணன் முருகேசனைத் தேடிப் போய்ச் சிவப்பு அட்டையைக் காட்டினார்.

"கல்லுன்னு நெனச்சுத்தான் ஒதச்சேனுங்கண்ணா" என்றான் அவன், முகம் வெளிறிப்போய்.

"தெரியாம நின்னாலும் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான சாமி? வர்ற சனிக்கெழம ராசாத்தி கல்லு இருந்த எடத்துல நீ நிக்கோணும். லாரி வார வரைக்கும்."

வருகிற சனிக்கிழமை மாலைதான் இறுதிப் போட்டி. எஸ்டேட் டீமும் எங்கள் டீமும். லீக் கமிட்டி அவசரமாகக் கூடியது. எஸ்டேட் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"கிரவுண்டுக்கு வெளிய நடக்கறதுக்கும் லீக்குக்கும் என்னய்யா சம்பந்தம்? தப்புன்னா போலீசு இருக்கு, பஞ்சாயத்து இருக்கு" என்றார் மேனேஜர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"அந்தப் பையன் பம்பு ஓட்டறதுக்கா சம்பளம் வாங்கறானுங்க? ஊரு கை தட்டறதுக்கு வாங்கறான். கை தட்டற ஊரு அந்த வரிசைலதானுங்க நிக்குது."

கமிட்டி அண்ணன் பக்கம் தலையாட்டியது. நான் எழுந்து ஒழுக்கத்தின் அவசியம் பற்றிப் பத்து நிமிடம் உருக்கமாகப் பேசினேன். முந்தின ஆட்டத்தில் முருகேசன் அடித்த பந்தில் என் சுண்டுவிரல் பிசகியிருந்தது என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

மேனேஜர் எழுந்தார். "அவன் ஆடலைன்னா எனக்கு அவன் தேவையில்ல. ஞாயித்துக்கெழம மூட்டையக் கட்டச் சொல்லிடறேன்."

ஜீப் போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கோப்பைக்கு ஆசைப்பட்டு ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்துவிட்டோமே என்று நிஜமாகவே வருந்தினேன். "அட்டைய வாபஸ் வாங்கிக்குங்கண்ணா" என்றேன். "அட்டையெல்லாம் திரும்பிப் போகாது. நீ நாளைக்கு வாளி தூக்க வா" என்றார்.

அந்த வாரம் அவர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தது அதே மேனேஜரின் பங்களாவுக்கு. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக முதலாளி குடும்பத்தோடு வரப்போகிறார் என்று அவசர வேலை. அண்ணன் வாசலுக்கு இடது பக்கம் பளிச்சென்று அடித்து முடித்தார். வலது பக்கம் போன வருடத்துப் பாசியோடு அப்படியே இருந்தது. வெள்ளையடிக்கும் மட்டையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்துகொண்ட ஆள் மாதிரி இருந்தது பங்களா.

மேனேஜர் வெளியே வந்து பார்த்துத் திகைத்தார். "என்னய்யா இது?"

"ஒரு தப்புக்கு ஒரு தண்டனைதானுங்க. அத லீக்கு குடுத்தாச்சு. மேல நீங்க வேற அவன் வேலையத் தொட்டீங்கன்னா மீதிச் செவுரு இப்பிடியேதான் இருக்குமுங்க."

"வேற ஆள வெச்சு அடிச்சுக்கறேன்."

"அடிச்சுக்குங்க. சுண்ணாம்புல எவ்வளவு நீலம் கலக்கியிருக்கேன்னு எனக்குத்தானுங்க தெரியும். ரெண்டு நெறமா நிக்கும். மொதலாளி கேட்டா வெவரம் சொல்லிக்குங்க."

மேனேஜர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். முதலாளி வருகிற ரோட்டையும் ஒருமுறை பார்த்தார். "முடிச்சுட்டுப் போய்யா. அவன் வேலைல இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தது. திருவிழாவுக்கு வந்த கூட்டமும் சேர்ந்து மைதானம் நிரம்பிவிட்டது. முருகேசன் இல்லாத எஸ்டேட் டீமிடம் நான் இரண்டே பந்துகளைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். கோப்பையைக் கொடுக்க அண்ணனைத் தேடினால் ஆளைக் காணோம். லீக் தொடங்கிய நாளிலிருந்து ஒரு இறுதிப் போட்டியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. காலையில் கோடு போட்டதோடு போனவர் திரும்பவில்லை என்றார்கள்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் கடைத்தெருவுக்கு ஓடினேன். லாரி இன்னும் வந்திருக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது. முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். அவன் பக்கத்தில், வரிசைக்கு வெளியே ஒட்டினாற்போல், அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, ஃபைனலுங்க."

"செயிச்சுட்டீங்களா?"

"செயிச்சுட்டமுங்க."

"சந்தோசம்" என்றவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், முருகேசன் காதில் விழாமல் சொன்னார்: "வெளியூர்ப் பையன். ஊரே வேடிக்க பாக்கறப்பத் தனியா நிக்கறது நொம்ப கஷ்டங்கண்ணு."

நானும் முருகேசனுக்குப் பக்கத்தில் போய் நிற்கப் பார்த்தேன். "நடுவுல நொழையாத சாமி. நிக்கறதுன்னா பின்னால போய் நில்லு" என்றார் அண்ணன். என் கையில் கெரசின் டின்கூட இல்லை. வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன். அவர் சொல்லியிருந்தால் விடியவிடிய நின்றிருப்பேன்.