கையிருப்பில் ஒரே ஒரு முகவரி

கையிருப்பில் இருந்தது ஒரே ஒரு முகவரி. கேட்டு வந்தவர்களோ கூட்ட அறை கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இணைய நிறுவனத்தின் ஒதுக்கீட்டு அதிகாரி அசரவில்லை. ஒரு கடையின் கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து இணையம் வழியே தொட வேண்டுமென்றால், அதற்கென்று தனி எண் வேண்டும். அந்த எண்தான் முகவரி. உலகம் முழுக்க அதற்குத் தட்டுப்பாடு. அதை நியாயமாகப் பங்கிடத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய திடமான எண்ணம்.

முதல் வரிசையில் கூரியர் கம்பெனி முதலாளி. அதிகாரிக்கு மச்சான்.

"அக்கா சொன்னாளா மாமா?"

"சொன்னா. இங்கே நான் மாமா இல்லை, அதிகாரி." அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "முதல்ல கேட்டவங்களுக்குத்தான் முகவரி."

"அப்போ எனக்குத்தான். போன வருஷமே கேட்டேன்," என்றார் பல் டாக்டர்.

"அதுக்கு முன்னாடியே நான் போன்ல கேட்டேன்," என்றார் அச்சகக்காரர்.

"நான் இவர் கல்யாண மேடையிலேயே கேட்டுட்டேன்," என்றார் மச்சான்.

அதிகாரி சட்டென்று வழியை மாற்றினார். "சரி, யாருக்கு ரொம்ப அவசியமோ அவங்களுக்கு."

அதற்குப் பிறகு அந்த அறையில் அவசியம் இல்லாத உயிரே இல்லை. டாக்டரின் நோயாளிகள் திறந்த வாய் மூடாமல் காத்திருந்தார்கள். அச்சகம் நின்றால் தெருவே நடுத்தெருவுக்கு வந்துவிடும் நிலை. வாக்குவாதம் முற்றியது. அச்சகக்காரரின் பல்லை இலவசமாகவே தட்டிக் கையில் கொடுப்பதாக டாக்டர் சொன்னார்.

அதிகாரி மேஜையைத் தட்டினார். "இனிமே யாரும் தனக்காகப் பேசக் கூடாது. அடுத்தவருக்காகப் பேசுங்க. யாருக்கு ஆதரவு அதிகமோ அவருக்கு."

எதிரிக்குப் பரிந்து பேச எவருக்கும் மனம் வரவில்லை. எல்லார் கண்ணும் மெல்லக் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். அவ்வப்போது கையைத் தூக்குவார். யாரும் கவனிக்காததால் இறக்கிக்கொள்வார்.

"அவருக்குக் குடுங்க. என்ன பொறுமை, பாருங்க," என்றார் டாக்டர்.

"நியாயமான மனுஷர், பார்த்தாலே தெரியுது," என்றார் அச்சகக்காரர்.

"இவங்க ரெண்டு பேருக்கும் போகாம இருந்தா எனக்குச் சம்மதம்," என்றார் மச்சான்.

பெரியவர் தயங்கி எழுந்தார். "சார், நான் வந்தது எதுக்குன்னா..."

"தெரியும். நன்றியெல்லாம் வேண்டாம். இது உங்க உரிமை." அதிகாரி அங்கேயே கம்ப்யூட்டரில் பதிந்து முடித்தார். கைத்தட்டல் எழுந்தது. வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற கலக்கம்கூட அதில் கரைந்துபோனது.

வரவேற்பறைப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், அந்தக் கோட்டுக்காரரைச் சீக்கிரம் அனுப்பிடுங்க. கம்பெனியை மூடிட்டாராம், சும்மா கிடக்கிற நூறு முகவரியையும் நம்மகிட்டத் திருப்பிக் குடுக்கக் காலையில முதல் ஆளா வந்து உட்கார்ந்திருக்கார்."