எட்டாங் கேள்வி

காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் மனம்விட்டுப் பேசிய ஆள் ‘எட்டாங் கேள்வி’தான். பெருமாளிடம் சொல்லக் கூசியதைக்கூட அவரிடம் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி, குடல் புற்றுநோயைப் பற்றி வீடு வீடாக விசாரிக்க எங்கள் நாலு பேரை வேலைக்கு எடுத்தது. என்ன சாப்பிடுகிறீர்கள், புகையிலை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று படிவம் முழுக்கக் கேள்விகள். எட்டாவது: மலத்தில் ரத்தம் போகிறதா? அந்த இடம் வந்ததும் நாங்கள் மூவரும் இருமிவிட்டு ஒன்பதுக்குத் தாவிவிடுவோம். நாலாவது ஆளான அவர் எட்டில்தான் ஆரம்பிப்பார்; பேரே அதுவாகிவிட்டது. அதுவும் தெருவில் நின்றபடியே.

“எனக்கு இன்னிக்கு ரெண்டு தடவைம்மா, சுகமா ஆச்சு. உங்க ஊட்ல எப்பிடி?”

நான் கேட்டிருந்தால் செருப்பு பறந்திருக்கும். அவருக்குக் காபி வந்தது.

தறியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் உலகத்தையே விரித்துவிடுவார். “இந்த நோவு அமெரிக்காவுல ஜாஸ்தி, ஜப்பான்லயும் நம்ம பக்கத்துலயும் கம்மி. ஆனா ஜப்பான்காரன் அமெரிக்காவுல போய்க் குடியேறினா அவன் புள்ளைங்களுக்கும் வருதாம்பா! கறியும் வெண்ணெயுமா துன்னுட்டு, காய் கீரையே தொடாம, உக்காந்தே கெடக்கறதாலதான்னு டாக்டருங்களுக்கு சந்தேகம்.”

“எங்க ஊட்டுக்காரரு திருமுக்கூடலத் தாண்டுனதே இல்லியே சார்!” என்று ஓர் அம்மாள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

“இங்க கம்மின்னுதாம்மா சொன்னேன். இல்லவே இல்லேன்னா சொன்னேன்?”

கருட சேவைக் கூட்டத்தில் ஒருவர் அவர் காதோரம் குனிந்து ஏதோ கிசுகிசுத்தார். “நாலு நாளாச்சா! கீரை சாப்டுப்பா!” என்று இவர் கத்தியதில் நாதஸ்வரக்காரருக்கு ராகமே மாறிப்போனது.

ஒரு நாள் என் வீட்டுக்கும் வந்தார். என் அப்பா ரிட்டையரான ஹெட் கான்ஸ்டபிள். பிறரிடம் உண்மையைக் கறந்தவரே தவிர, தன்னைப் பற்றி மூச்சு விடமாட்டார். பெற்ற மகனிடம் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அப்பேர்ப்பட்ட அப்பா இவரோடு கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்த எட்டாங் கேள்வியின் முகத்தில் சிரிப்பில்லை.

“உங்க நைனாவுக்கு ஆறு மாசமா ரத்தம் போய்க்கினு இருக்குது. மூலம்னு நெனச்சு துத்திக்கீரை சாப்ட்டுக்கினு இருக்காரு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்பா.”

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. அப்பாவிடம் பாய்ந்தேன். “என்கிட்ட ஏன் நைனா சொல்லல?”

“நீ கேக்கலியே,” என்றார்.

சம்பளம் வாங்கிக்கொண்டு ஊரையெல்லாம் கேட்கப் போனவன் நான்.

புற்றுநோயேதான். நல்ல வேளை, பரவியிருக்கவில்லை. கெட்டுப்போன குடலை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். மறுநாள் மயக்கம் தெளிந்த அப்பா, இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“சார் வரலியா?”

“வந்துக்கினே இருக்காரு நைனா,” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுக்க ஓடினேன். பின்னால் எட்டாங் கேள்வி உட்கார்ந்து வர வசதியாகக் கேரியரில் என் துண்டை நாலாக மடித்துக் கட்டினேன்.